லூஷினின் மணப்பெண்



"இவருக்கு வேலைதான் முதல் தாரம், நான் இரண்டாவது" என்று அலுத்துக்கொள்ளாத மனைவியர் நம்மில் குறைவு. அந்த முதல் தாரத்தை ஒரேயடியாகப் பறித்துவிட்டால் மனிதர் நமக்கு முழுதாகக் கிடைத்துவிடுவாரா? 'த லூஷின் டிஃபென்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தால் யோசிப்பீர்கள். விளாடிமிர் நபகோவ் ரஷ்ய மொழியில் எழுதி 1930இல் நூலாக வந்த நாவலைத் தழுவி, மார்லீன் கோரிஸ் என்ற டச்சுப் பெண்மணி 2000ஆம் ஆண்டில் இயக்கிய படம்.

கதை 1920களில், இத்தாலியின் ஏரிக்கரை ஊரொன்றில் நடக்கிறது. உலகச் சதுரங்கப் போட்டிக்கு வருகிறார் லூஷின். (இந்த விளையாட்டை ஐரோப்பாவுக்குக் கொண்டு சேர்த்ததில் அரபு முஸ்லிம்களுக்குப் பெரும் பங்குண்டு.) பலகையில் மேதை, பலகைக்கு வெளியே, தன் பை கிழிந்திருப்பதுகூடத் தெரியாத மனிதர். அதிலிருந்து விழுந்ததை எடுத்துக் கொடுக்கும் நத்தாலியாவிடம், அறிமுகமான சூட்டோடு கல்யாணம் கேட்டுவிடுகிறார்! வசதியான வரனைத் தேடும் அவள் தாய்க்கு நெஞ்சு கொதிக்கிறது. மகளோ சம்மதிக்கிறாள்.

சிறுவயதில் இவரை வளர்த்துவிட்டுப் பின்னர் கைகழுவிய ஆசான் வலன்டினோவ், இப்போது எதிரிக்குத் துணையாக வந்து நிற்கிறான். இறுதி ஆட்டம் பாதியில் ஒத்திவைக்கப்பட, லூஷின் நிலைகுலைந்து விழுகிறார். சதுரங்கம்தான் நஞ்சு, அதை விட்டால்தான் உயிர் என்கிறார் டாக்டர். நத்தாலியாவும் அப்படியே நம்புகிறாள். அவளில் குற்றம் காண எனக்கு மனமில்லை. நாமும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் தாய் தந்தையரின் பிணக்குக்கு நடுவே தனித்துப்போன அந்தப் பிள்ளைக்கு ஒண்ட இடம் கொடுத்ததே இந்தப் பலகைதானே? அது இல்லாமல் எப்படி மூச்சுவிடுவது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாண நாளன்றே ஜன்னலால் குதித்து உயிரை மாய்த்துக்கொள்கிறார். நமது மார்க்கம் ஏற்காத முடிவு. படமும் அதைப் பெருமையாகக் காட்டவில்லை.

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய படமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாவலில் அந்த மனைவிக்கு ஒரு பெயர்கூட இல்லை. நத்தாலியா என்ற பெயர் படம் கொடுத்தது. அத்துடன் நாவலில் இல்லாத ஒரு காட்சியையும் சேர்த்திருக்கிறார்கள். கணவராக வரவிருந்தவர் எழுதி வைத்துப்போன குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவள் ஒதுக்கி வைத்த அதே பலகையின் முன்னால் போய் அமர்கிறாள். நின்றுபோன ஆட்டத்தை அவள்தான் ஆடி முடிக்கிறாள்.