பழைய சொகுசுக் காரும் புதிய சொகுசுக் காரும்: தங்கவயலில் எது நம்பத்தக்கது?

பெங்களூரில் சில ஆண்டுகள் ஓடிய விலையுயர்ந்த ஸெடான் கார்கள், விலை பாதிக்கும் கீழாக இறங்கிய பின்னர், சுற்றிலுமுள்ள நகரங்களை நாடி வருகின்றன. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலும் அந்நகரங்களுள் ஒன்று. புதிதாக வாங்கின் ஒரு வீட்டின் விலையாகும் வண்டி, ஒரு சாதாரணப் புதுக் காரின் விலைக்குக் கிடைக்கின்றது எனின் ஆசை பிறப்பது இயல்பே. ஓய்வு பெற்றவர் தம் சேமிப்பையும், வாடகைக்கு வண்டி ஓட்டுவோர் கடனாகப் பெற்ற பணத்தையும் இதில் இடுகின்றனர். அவ்வாறு இடும்போது எழும் தர்க்கம் பழைமையானது: இருபது ஆண்டு கண்ட வண்டியை வாங்குவதா, ஐந்தாறு ஆண்டே ஓடிய வண்டியை வாங்குவதா? “அக்காலத்து வண்டி இரும்பு” என்பர் ஒரு சாரார். “பழையதற்குச் செலவு செய்து மாளாது” என்பர் மறு சாரார். இரு சாராரும் வயதையே அளவுகோலாகக் கொள்கின்றனர். விஞ்ஞான நோக்கில் பார்ப்பின் அவ்வளவுகோல் மிகவும் குறையுடையது.

முதற்கண், பழைய வண்டியைப் புகழ்வோர் கூற்றை ஆராய்வோம். மெர்ஸிடிஸ்-பென்ஸ் நிறுவனம் 1994இல் இந்தியாவில் தொடங்கப்பெற்று, 1995இல் பூனாவிலிருந்து தன் முதற் கார்களை வெளியிட்டது. அத்தலைமுறை வண்டிகளுள் சில இன்றும் சாலையில் ஓடுகின்றன. அவற்றைக் கண்டோர், அக்காலத்து வண்டிகள் யாவும் அத்தன்மையவே என முடிவு செய்கின்றனர். ஓடுகின்ற வண்டி கண்ணிற் படும். இருபது ஆண்டுகளுக்கு முன்னரே பழைய இரும்புக் கடைக்குச் சென்ற வண்டி எவர் கண்ணிலும் படாது. எஞ்சியவற்றை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் மதிப்பிடும் இப்பிழையைப் புள்ளிவிவர இயலார் நன்கறிவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், அமெரிக்காவிற் பணியாற்றிய ஆபிரகாம் வால்ட் என்னும் கணித அறிஞர் இதனைத் தெளிவுற விளக்கினார். குண்டடி பட்டுத் திரும்பி வந்த விமானங்களில் துளைகள் மிகுந்த பகுதிக்கே கவசம் இடவேண்டும் என்பது பொதுவான எண்ணம். திரும்பி வந்தவற்றில் எப்பகுதியில் துளைகள் அரிதோ அப்பகுதியே ஆபத்தானது என்று வால்ட் கண்டார்; அங்கே அடிபட்டவை திரும்பவே இல்லையன்றோ! இப்பேரறிஞர் இந்திய அரசாங்கத்தின் அழைப்பின் பேரில் விரிவுரையாற்ற வந்து, 1950 டிசம்பரில் நீலகிரி மலையில் நிகழ்ந்த விமான விபத்தில் மாண்டார் என்பது தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பலரும் அறியாத செய்தி.

இனி மறுதரப்பு. புதிய வண்டியில் உறுப்புகள் மிகுதி. உறுப்புகள் மிகுந்தால் பழுதும் மிகும் என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கப்படும் வாதம். இதனை வகுப்பறைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு வண்டி ஓராண்டு தடையின்றி ஓடப் பத்து முக்கிய உறுப்புகள் அனைத்தும் பழுதுறாதிருக்க வேண்டும் என்றும், ஒவ்வொன்றும் பழுதுறாதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்றும் கொள்வோம். 0.99ஐப் பத்து முறை பெருக்கினால் 0.904 வரும். புதிய வண்டியில் அத்தகைய உறுப்புகள் நூறு; ஆயினும் தொழில்நுட்பம் முன்னேறியமையால் ஒவ்வொன்றின் வாய்ப்பும் 0.999. இதனை நூறு முறை பெருக்கினாலும் 0.905தான் வரும். அஃதாவது, உறுப்புகள் பத்து மடங்காயினும், ஒவ்வொன்றும் பத்து மடங்கு திருந்தியிருப்பின் இரு வண்டிகளும் நம்பகத்தில் சமமே. ஆனால் அந்த 0.999 என்னும் எண் வண்டி புதிதாயிருக்கும்போது மட்டுமே பொருந்தும். சில ஆண்டுகளில் அது 0.995க்கு இறங்கினால், நூறு முறை பெருக்கக் கிடைப்பது 0.606. ஐந்து வண்டிகளில் இரண்டு அவ்வாண்டில் எங்கேனும் நின்றுவிடும் என்பது அதன் பொருள். இவை விளக்கத்திற்காகக் கொண்ட எண்களே. எனினும் உறுப்புகள் பெருகிய இயந்திரம், ஒவ்வோர் உறுப்பின் சிறு தேய்மானத்தையும் பன்மடங்காக்கிக் காட்டும் என்பது இதனால் விளங்கும்.

உறுப்புகள் தேய்வதும் இருவகைப்படும். பிஸ்டன் வளையமும் பிரேக் தட்டும் ஓடிய தூரத்தால் தேயும். ரப்பர், பிளாஸ்டிக், கம்பியுறை ஆகியவை நின்ற இடத்திலேயே காலத்தாலும் வெப்பத்தாலும் கெடும். வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் இரசாயன மாற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பள்ளிப் பாடம். எஞ்சினின் மூடிக்குக் கீழே அந்தப் பாடம் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே “இருபது ஆண்டில் முப்பதாயிரம் கிலோமீட்டரே ஓடியது” என்று விற்பவர் பெருமையுடன் கூறும் வண்டி, வாங்குபவர் அஞ்சத்தக்க வண்டியாகவும் இருக்கலாம். 1990களின் முற்பாதியிலும் நடுவிலும் செய்யப்பட்ட ஐரோப்பியச் சொகுசு வண்டிகள் சிலவற்றில், எஞ்சினைச் சுற்றிய மின்கம்பிகளின் உறை சில ஆண்டுகளிலேயே வெப்பத்தால் நொறுங்கி உதிர்ந்தது. அக்காலத்து வண்டி முழுதும் இரும்பாலானதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா. புதியவற்றில் இதற்கிணையான நோய் காற்று சஸ்பென்ஷனுக்கு உண்டு. வண்டியைத் தாங்கும் ரப்பர்ப் பைகளில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும். கசிந்த காற்றை ஈடு செய்யக் கம்ப்ரஸர் ஓயாது உழைக்கும். இறுதியில் அதுவும் எரிந்து போகும். தொடக்கத்திலேயே ஒரு பையை மாற்றியிருப்பின் முடிந்திருக்கக் கூடிய செலவு, பல மடங்காகப் பெருகிவிடுகிறது.

தங்கவயலுக்கே உரிய மற்றொரு பகை தூசி. பொன் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட, “சயனைடு டம்ப்” என்று ஊரார் வழங்கும் மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட நுண்மணல் குவிந்து கிடக்கிறது. காற்று மிகும் மாதங்களில் அது எழுந்து வீடுகளையும் வீதிகளையும் மூடுகிறது. பாறையை ஆலைகளில் மாவாக அரைத்துக் கிடைத்த இத்தூளில் குவார்ட்ஸ் என்னும் கனிமம் மிகுதி. அது சாதாரண எஃகையும் கீறவல்லது. காற்று வடிகட்டியைப் புத்தகத்திற் குறித்த தூரம் வரையில் மாற்றாதிருப்பவர், பெங்களூருக்கு எழுதிய விதியைத் தங்கவயலில் கையாள்கின்றனர். பழைய வண்டியில் இத்தூசி சிலிண்டரைத் தேய்க்கும். புதிய வண்டியில் அதனுடன், உட்புகும் காற்றை அளக்கும் மெல்லிய கம்பியின் மீதும் படிந்து, கணினிக்குப் பொய்க்கணக்குக் கொடுக்கும்.

இவ்வளவும் பழுது எவ்வளவு அடிக்கடி நேரும் என்பதைப் பற்றியது. வாங்குபவருக்கு இதனினும் முக்கியமான கேள்வி, பழுது எவ்வாறு நேரும், அதனை யார் எங்கே தீர்ப்பர் என்பதே. இயந்திர அமைப்பு மேலோங்கிய பழைய டீசல் வண்டி முன்னறிவிப்புக் கொடுத்தே நோயுறும். கரும்புகை விடும், காலையில் கிளம்ப மறுக்கும், எண்ணெய் சொட்டும், கியர் முனகும். இத்தகைய குறிகளைப் படிக்க வல்ல கைகள் தங்கவயலில் அரியவை அல்ல. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சுரங்கப் பட்டறைகளில் பம்புகளையும் பளுதூக்கிகளையும் செப்பனிட்ட தொழிலாளர் பரம்பரை அது. 1964இல் நிறுவப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலையும் அவ்வூருக்குத் தொழிற்கல்வி அளித்தது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டபோது வேலை போயிற்றே தவிர, கடைசல் இயந்திரத்தில் ஒரு புஷ்ஷைக் கடைந்து பொருத்தும் திறமை அன்றே மறைந்துவிடவில்லை. மெர்ஸிடிஸ் நிறுவனத்தின் பழைய ஓ.எம். 616 டீசல் எஞ்சின், பிற்காலத்தில் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் எனப் பெயர் மாறிய பஜாஜ் டெம்போவின் வண்டிகளில் உரிமம் பெற்றுப் பொருத்தப்பட்டது. டெம்போ டிராவலரில் கிராமங்களுக்குச் சென்ற களப்பணியாளர் பலர், அறியாமலே ஒரு சொகுசுக் காரின் எஞ்சினால் இழுத்துச் செல்லப்பட்டவர்களே! அந்த எஞ்சினைத் திறந்து மூடிய மெக்கானிக் நாடெங்கும் உண்டு.

புதிய சொகுசுக் காரின் பழுது வேறு வகையினது. நெடுநாள் ஒரு குறையுமின்றி ஓடிவிட்டு, ஒரு நாள் திடீரென ஒரு மஞ்சள் விளக்கைக் காட்டி, ஊர்ந்து செல்லும் நிலைக்கு வந்துவிடும். காரணம் ஒரு சிறிய உணர்கருவியாக இருக்கலாம். பல கணினிப் பெட்டிகளுள் ஒன்றாகவும் இருக்கலாம். அதனைக் கண்டறிய அந்நிறுவனத்திற்குரிய சோதனைக் கருவி வேண்டும். சில நிறுவனங்களின் வண்டிகளில், ஒரு காரினின்று எடுத்த பெட்டியை வேறொன்றிற் பொருத்தினால், தொழிற்சாலைக் கணினியின் இசைவின்றி அது இயங்காது. ஆண்டர்ஸன்பேட்டையிலுள்ள மெக்கானிக் எத்துணைத் திறமுடையவராயினும் இவ்விடத்தில் அவர் கை கட்டப்பட்டுவிடுகிறது. வண்டியை லாரியில் ஏற்றிப் பெங்களூருக்கு அனுப்பும் கூலியே சாதாரணக் காரின் பழுதுச் செலவுக்கு நிகராகும்.

டீசல் வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பின்னர், டீசல் கார்களின் புகைக் குழாயில் துகள் வடிகட்டி இடம்பெற்றது. அதிற் சேரும் கரி, ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் எரிந்தால்தான் நீங்கும். அவ்வெப்பம் நெடுஞ்சாலையில் இடைவிடாது சில நிமிடங்கள் ஓடினால் வரும். ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிக்கும் சாம்பியன் ரீஃபுக்கும் மாரிகுப்பத்துக்குமாக நாளெல்லாம் நாலைந்து கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் அது வாராது. வடிகட்டி அடைபட்டே தீரும். இது வண்டியின் குற்றமன்று. வேலைக்குப் பொருந்தாத இயந்திரத்தைத் தேர்ந்த குற்றம். பெங்களூருக்கு அடிக்கடி சென்று திரும்புபவர்க்கோ இத்தொல்லை அநேகமாக இராது.

ஆகவே, தங்கவயல் போன்ற ஊரில் மிகவும் ஐயுறத்தக்கவை இருபது ஆண்டு வண்டியும் அன்று, நான்காண்டு வண்டியும் அன்று. இடைப்பட்ட எட்டு முதல் பதினான்கு ஆண்டு வயதுடைய, எலெக்ட்ரானிக் சாதனங்கள் நிறைந்த பெரிய ஸெடான்களே. நிறுவனத்தின் உத்தரவாதம் அவற்றுக்கு முடிந்திருக்கும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒருசேர முதுமையடையும் காலமும் அதுவே. பழுதுபார்க்கும் அறிவோ பெங்களூரில் பூட்டப்பட்டிருக்கும். விலை மட்டும் தாழ்ந்திருக்கும். உதிரி உறுப்பின் விலை, வண்டி புதிதாயிருந்த காலத்து விலையோடு ஒப்பிடத்தக்கதாகவே இருக்கும். சந்தையில் மலிவாகத் தோன்றுவன பெரும்பாலும் இவையே என்பது கவலைக்குரியது.

பாதுகாப்பு வேறு, நம்பகம் வேறு என்பதையும் இங்கே மறத்தலாகாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநர்க்குரிய காற்றுப்பை அதே ஆண்டு ஜூலை முதலும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாயின. உயர்விலைக் கார்களில் இவை முன்னரே வந்துவிட்டன எனினும், இருபது ஆண்டு பழைய காற்றுப்பை வேண்டிய நொடியில் விரியுமா என்பதனைச் சோதித்தறியும் வழி வாங்குபவரிடம் இல்லை. பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயினின்று 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதையும் பழைய வண்டியை விரும்புவோர் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றிய கம்பிக்கயிற்றை எவரும் பார்வையால் நம்பியதில்லை. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் சென்ற சாம்பியன் ரீஃபில், கயிறு பளபளப்பாக உள்ளதா என்பது கேள்வியே அன்று. என்று பூட்டப்பட்டது, என்று எண்ணெயிடப்பட்டது, நுனி என்று வெட்டப்பட்டு உட்புறம் சோதிக்கப்பட்டது என்பன பதிவேட்டில் இருக்க வேண்டும். கார் வாங்குவோர் மேற்பூச்சின் மினுக்கையும் தோல் இருக்கையின் மணத்தையும் கண்டு மயங்குகின்றனர். சர்வீஸ் புத்தகத்தைக் கேட்பவர் சிலரே. தானியங்கி கியர்ப்பெட்டியின் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது? குளிர்விப்பு நீர் எப்போது மாற்றப்பட்டது? இவ்விரு வினாக்களுக்கும் பட்டறை ரசீதுடன் விடை தரவல்ல பதினெட்டு ஆண்டு வண்டி, விடை தர இயலாத ஆறாண்டு வண்டியினும் மேலானது. ஓடோமீட்டர் காட்டும் எண்ணைத் திருத்துவது இக்காலத்தில் எளிதாகிவிட்டமையால், ரசீதுகளில் எழுதப்பட்ட எண்களோடு அதனை ஒப்பிடுதல் அவசியம். குளிர்ந்திருக்கும் எஞ்சினைக் காலையில் தாமே கிளப்பிப் பார்ப்பதும், இரவு முழுதும் நின்றபின் வண்டியின் நான்கு மூலைகளும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்று காண்பதும் செலவில்லாச் சோதனைகள்.

பழுதுபார்க்கும் அறிவு ஏன் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது தனிப்பட்ட வாங்குபவரால் தீர்க்கக் கூடியதன்று. உதிரி உறுப்புகளையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாமல் தடுத்தமைக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழுவொன்றை அமைத்து, அதில் மோட்டார் வண்டிகளையும் சேர்த்தது. சொந்தப் பெயரில் சோதனைக் கருவி வாங்க வசதியில்லாத சிறு பட்டறைகள் பல சேர்ந்து ஒன்றை வாங்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர் பயிற்சியோடு கார்க் கணினியின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் பயிற்சியும் சேர்க்கப்படலாம். கருவி காட்டும் குறியீட்டின் பொருளை விளக்கும் கையேட்டை நிறுவனங்கள் நியாய விலைக்கு விற்கும் நாளில், பெங்களூருக்கு லாரியில் செல்லும் கார்களுட் பல ஆண்டர்ஸன்பேட்டையிலேயே செப்பமுறும்; இன்று ஐயுறத்தக்கனவாய் உள்ள இடைவயது வண்டிகளின் நம்பகமும், ஒரு திருகும் மாற்றப்படாமலே, உயர்ந்துவிடும்.