பலகை மாறலாம், பதவி பறிபோகலாமா?

 

நீதிமன்றங்களைக் கலைப்பதும் சேர்ப்பதும் வக்கீல்கள் பாடு, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு சம்பவங்களைப் பாருங்கள்.

1950 ஜனவரி 26-ல் ஃபெடரல் கோர்ட் மறைந்து உச்சநீதிமன்றம் பிறந்தது. பழைய நீதிபதிகளின் கதி? அவர்களே வேண்டாம் என்றாலொழிய அப்படியே உச்சநீதிமன்ற நீதிபதிகள் என்றது அரசியல் சட்டத்தின் 374-வது பிரிவு. நிலுவை வழக்குகளும் கூடவே வந்தன. உயர்நீதிமன்ற நீதிபதிகளுக்கு 376-வது பிரிவு அதே பாதுகாப்பைத் தந்தது. மறுநியமனம் கேட்டு எவரும் ஆட்சியாளர் வாசலில் நிற்கவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவர் நீதியரசர் செய்யது ஃபஸல் அலி. நான்கே மாதத்தில், மே 19 அன்று, ஏ.கே. கோபாலன் வழக்கில் தீர்ப்பு வந்தது. விசாரணையின்றி அடைத்து வைக்கும் தடுப்புக் காவல் சட்டத்தைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றனர். நியாயமான நடைமுறையின்றி ஒருவனின் சுதந்திரத்தைப் பறிக்கலாகாது என்று மாற்றுத் தீர்ப்பு எழுதினார் ஃபஸல் அலி. 1978-ல் மேனகா காந்தி வழக்கில் உச்சநீதிமன்றமே அந்தப் பாதைக்கு வந்து சேர்ந்தது. விசாரணையின்றிச் சிறையில் வாடுவோரின் வீடுகளுக்கு இதன் அருமை தெரியும். பதவி உறுதியாக இருந்தால்தான் பேனாவும் உறுதியாக இருக்கும்.

இனி மறுபக்கம். பட்டாசு லேபிள், தீப்பெட்டிச் சின்னம் என்று டிரேட் மார்க் தகராறு வந்தால், பதிவாளரின் உத்தரவை எதிர்த்து அப்பீல் போக ஓரிடம் இருந்தது. 2003-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அது. 2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டம் அதைக் கலைத்தது. வழக்குகள் உயர்நீதிமன்றங்களுக்குப் போயின. உறுப்பினர்களோ வீட்டுக்குப் போனார்கள். மீதமிருந்த பதவிக்காலத்துக்கு ஈட்டுத்தொகை அதிகபட்சம் 3 மாதச் சம்பளம்!

தீர்ப்பாய உறுப்பினர்களுக்கு நீதிபதிகளைப் போல அரசியல் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஓட்டை அங்கேதான் இருக்கிறது. அரசாங்கமே எதிர்த்தரப்பாக நிற்கும் வழக்கை, அரசாங்கம் நினைத்தால் அனுப்பிவிடக்கூடியவர் எப்படி அச்சமின்றி விசாரிப்பார்?

சீர்திருத்தம் வேண்டாம் என்பதல்ல வாதம். 2004 ஜூலை 24-ல் மதுரைக் கிளை திறந்தது. விருதுநகர் மாவட்டத்துக்காரர் சென்னைக்கு ரயில் ஏறும் அலைச்சல் குறைந்தது. அங்கே அமர்பவர்களும் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதிகளே. பட்டத்திலோ பதவிக்காலத்திலோ ஒரு நாள்கூடக் குறையவில்லை. மக்களுக்கும் வசதி, நீதிக்கும் சேதமில்லை.

ஆகவே, நீதிமன்றத்தையோ தீர்ப்பாயத்தையோ மாற்றியமைக்க மசோதா வந்தால் உங்கள் எம்.பி.யிடம், எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள்: இருப்பவரின் பதவிக்காலம் என்னாகும்? நடக்கும் வழக்கை யார் கேட்பார்? நீதிப் பதவி ஓர் அமானிதம். தராசைப் புதிதாக வாங்கலாம், படிக்கல்லில் கை வைக்கக் கூடாது. வியாபாரிக்கு இதைச் சொல்லித் தரவும் வேண்டுமா?