ரங்கமணிகளே, கொஞ்சம் வெளியே போங்கள்!

மாற்றல் வாங்கி ஊர் ஊராகப் போகும் நம் குடும்பங்களில் ஒரு கணக்கை மட்டும் யாரும் போடுவதில்லை. எனக்கு விஜயவாடா, ராய்ப்பூர், இப்போது நாக்பூர் என்று மூன்று மாற்றல். ஒவ்வொரு தடவையும் தங்கமணி ஒரு வேலையை ராஜினாமா செய்தார். எனக்கு ஸ்கேல் ஏறியது. அவர் பயோடேட்டாவில் இடைவெளி ஏறியது.

போன மாதம் புனே கம்பெனி ஒன்று அக்கவுண்ட்ஸ் வேலைக்கு அவரை ஃபோனில் இண்டர்வ்யூ செய்தது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. அடுத்த மாற்றல் வந்தாலும் விடவேண்டியதில்லை. நான் என்ன செய்தேன்? லீவு போட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். கையில் பேப்பர், பேனா. உதவி செய்கிறேனாம்!

ஜிஎஸ்டியில் 2ஏ-க்கும் 2பி-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடைக்கு மாதாமாதம் சரிபார்த்துக் கொடுப்பவர், அவருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. சப்ளையர்கள் தாக்கல் செய்யச் செய்ய 2ஏ மாறிக்கொண்டே இருக்கும். 2பி மாதம் ஒருமுறை, 14ம் தேதி வரும். வாழ்க்கையில் ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன்கூட போடாத நான், இரண்டையும் மாற்றி எழுதி நீட்டினேன். அவர் பாதி வாக்கியத்தில் நின்று என் சீட்டைப் பார்த்தார். தடுமாறினார்.

அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள்: "பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா மேடம்?"

அதற்குமேல் பேசியதெல்லாம் மரியாதைக்கு.

வெட்கக்கேடு என்னவென்றால், கேள்வி கேட்கும் நாற்காலியில் நான் தினமும் உட்காருகிறவன். முத்ரா லோன் கேட்டு ஒரு பெண் வருகிறார், எல்லாக் கேள்விக்கும் புருஷன் பதில் சொல்கிறார் என்றால் எனக்கு என்ன தோன்றும்? பெயர்தான் இந்தம்மாவுடையது, தொழில் இல்லை என்றுதான். அதே சந்தேகத்தை என் வீட்டம்மாவுக்கு நானே வாங்கிக் கொடுத்தேன்.

"நல்லதுக்குத்தானே செய்தோம்" என்று ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் இருப்பவளுக்கு என்ன தெரியும் என்று உள்ளே ஒரு எண்ணம். உதவி என்பது அதன்மேல் போர்த்திய சால்வை.

நிஜமாகவே உதவ வேண்டுமா? இதைச் செய்யுங்கள்:

1. முந்தின நாளே அடுத்த ரூமிலிருந்து ஃபோனில் கூப்பிட்டுக் கேள்வி கேளுங்கள். முகம் பார்க்காமல் பேசுவது தனிப் பழக்கம்.
2. சார்ஜ், சிக்னல், மைக் உள்ள இயர்ஃபோன் பார்த்து வையுங்கள். கால் வெயிட்டிங்கை அணையுங்கள். ஊரிலிருந்து அத்தை கூப்பிடுவது சரியாக அப்போதுதான் :-)
3. குக்கர், காலிங் பெல், பிள்ளைகள் உங்கள் பொறுப்பு.
4. சீட்டு வேண்டுமென்றால் அவர் கையாலேயே எழுதட்டும்: செய்த வேலைகள், தொகையும் எண்ணிக்கையுமாக.

தங்கமணிகளுக்கும் ஒரு வார்த்தை. ஃபோனில் மௌனமாக இருந்தால் லைன் கட்டான மாதிரி இருக்கும். "ஒரு நிமிஷம் யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு யோசியுங்கள். சரியாகக் காதில் விழவில்லையா, திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். குத்துமதிப்பாகப் பதில் சொல்லாதீர்கள். இடைவெளி பற்றிக் கேட்டால் 'ஸாரி' வேண்டாம். "மூன்று ஊர் மாறினோம், அதற்குள் ஜிஎஸ்டி கற்றுக்கொண்டேன், இப்போது செய்துகொண்டிருக்கிறேன்." அவ்வளவுதான்.

"கணவருக்கு மறுபடி மாற்றல் வந்தால்?" என்றும் கேட்பார்கள். என்னிடம் இதுவரை எவரும் மனைவியின் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்குக் கூனிக் குறுகாதீர்கள். "இது வீட்டிலிருந்து பார்க்கும் வேலை, வீடு எந்த ஊரில் இருந்தால் என்ன?" என்று நேராகச் சொல்லுங்கள்.

வரும் புதன்கிழமை பதினோரு மணிக்கு இன்னொரு கம்பெனி கூப்பிடுகிறது. நான் பையனைக் கூட்டிக்கொண்டு கீழே பார்க்கில் இருப்பேன். பேனா வீட்டிலேயே இருக்கும்.