மேகம் மூடிய காலை



சென்ற சனிக்கிழமை நம் சபையின் வாலிபர் பதினான்கு பேருடன் செஞ்சிக் கோட்டைக்குச் சென்றுவந்தேன். கருவடிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டுத் திண்டிவனம் வழியாகச் சென்றோம். ஐம்பத்தெட்டு வயதில் ராஜகிரி மலையில் ஏறுவது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். மலையின் பாதியில் எனக்கும் அதே கேள்வி எழுந்தது. ஏறத்தாழ எண்ணூறு அடி உயரம் என்று வாசிக்கும்போது அது பெரிதாகத் தோன்றுவதில்லை. அதன் படிகளுக்கு வேறு கணக்கு இருக்கிறது.

வழியெல்லாம் பேச்சு. மாநில அந்தஸ்து பற்றி வேனுக்குள் ஒரு சட்டசபையே நடந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்ததை ஒரு தம்பி நினைவூட்டினார். எதிர்த்து வாக்களித்த எட்டுப் பேர் அன்று மாலை வீட்டுக்குப் போய் என்ன பேசியிருப்பார்கள் என்று ஒரு தங்கை கேட்டாள். ஒருவரிடமும் பதில் இல்லை. தோற்றவர்களின் மாலைப்பொழுதைச் சரித்திரம் எழுதுவதில்லை.

நடுமலையில் நிழல் கண்டு அமர்ந்து, கொண்டுபோயிருந்த வேகவைத்த மல்லாட்டையைப் பிரித்தோம். தென் அமெரிக்காவில் தோன்றிய இக்கடலை, ஐரோப்பியர் கப்பல்களால் உலகைச் சுற்றிவந்து, மணிலாவின் பெயரைத் தாங்கி 'மணிலாக்கொட்டை' ஆயிற்று. நம் வட்டாரத்து நாவில் அது மல்லாக்கொட்டையாகி மல்லாட்டையாகச் சுருங்கியது. பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்தே அது பிரான்சின் மார்செய் நகருக்கு மூட்டைமூட்டையாகக் கப்பலேறியது. நம் வீட்டு வடகமும் அப்படித்தான் பயணம் போய், பிரெஞ்சுச் சமையலறைகளில் 'வதுவான்' என்ற பெயரில் வாழ்கிறது. இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, பிள்ளைகள் கடலையைத் தின்று தீர்த்துவிட்டார்கள்.

அக்கூட்டத்தில் அதிகம் பேசாத ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், சபையார் பலருக்குத் தெரியும். ஆறு ஆண்டுகள் அரசுப் பணித் தேர்வுக்காகப் படித்தவர். இருமுறை நேர்முகத் தேர்வுவரை சென்றவர். இவ்வாண்டு வயது வரம்பும் முடிந்துவிட்டது. முடிவு வந்த வாரம் நான் அவர் வீட்டுக்குச் சென்றேன். ஜெபித்தேன். எழும்போது, "கவலைப்படாதீர்கள் தம்பி, ஆண்டவர் இதைவிட மேலான ஒன்றை உங்களுக்கு வைத்திருக்கிறார்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, மரியாதை குறையாமல், "அது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா ஐயா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்தவனைப்போலச் சொல்லியிருந்தேன். இரண்டு மாதங்களாக அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

மலையுச்சியில் மேகம் மூடியிருந்தது. எதிரே கிருஷ்ணகிரிகூடப் புகைபோலத்தான் தெரிந்தது. பிள்ளைகளின் பேச்சு நிலவுக்குத் தாவியது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம் அண்டை ஊரான விழுப்புரத்துக்காரர் அல்லவா! 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் நிலவைத் தொடுமுன் தொடர்பை இழந்ததையும், 2023 ஆகஸ்ட் 23 அன்று அடுத்தது பத்திரமாக இறங்கியதையும் ஒருவர் உற்சாகமாகச் சொன்னார். "தோல்வி என்று ஒன்று கிடையாது, ஐயா" என்று முடித்தார். அந்தத் தம்பி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் அந்தக் கதையைப் பிரசங்கத்தில் சொன்னவன்தான். 2019-க்கு ஒரு 2023 வாய்த்தது. அதனால் அது நமக்குப் பிடிக்கிறது. 2023 வாய்க்காதவர்களுக்கு நம்மிடம் என்ன கதை இருக்கிறது? அவர்களுக்கு மலையுச்சியில் வேறொன்றைச் சொன்னேன். நம் ஊரில் நடந்தது.

கியோம் லெ ஜென்டில் என்னும் பிரெஞ்சு வானியலாளர் 1760 மார்ச் மாதம் தம் நாட்டிலிருந்து புதுச்சேரி நோக்கிக் கப்பலேறினார். வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் குறுக்கே கடக்கும் காட்சியை உலகின் பல இடங்களிலிருந்து அளந்தால், பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தொலைவைக் கணிக்கலாம். அக்காட்சி 1761 ஜூன் 6 அன்று நிகழவிருந்தது. ஆனால் அவர் வந்து சேருமுன்பே, அவ்வாண்டு ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. நாங்கள் நின்றுகொண்டிருந்த செஞ்சியும் அதே ஆண்டில்தான் அவர்கள் கைக்குப் போனது. கப்பல் திரும்பியது. குறித்த நாளில் வானம் தெளிவாயிருந்தது. அவரோ நடுக்கடலில், ஆடும் கப்பல்தளத்தில், எதையும் சரியாக அளக்க முடியாதவராக நின்றார்.

இக்காட்சி எட்டாண்டு இடைவெளியில் இருமுறை வரும். அதன்பின் நூறு ஆண்டுகளுக்குமேல் வராது. ஆகவே அவர் ஊர் திரும்பவில்லை. எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். மணிலாவுக்குச் சென்றார், அங்கிருந்த ஸ்பானிய ஆளுநருக்கு அவர்மேல் சந்தேகம். மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாகிவிட்ட புதுச்சேரிக்கு 1768 மார்ச்சில் வந்தார். இடிந்த கோட்டையின்மேல் ஆளுநர் அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக்கொடுத்தார். காத்திருந்த நாட்களில் இங்கிருந்த ஒரு தமிழரிடம் நம் கிரகணக் கணக்கு முறையைக் கேட்டறிந்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 நொடி குறைந்திருந்தது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையோ 68 நொடி கூடியிருந்தது. வியந்து எழுதிவைத்தார். (1825-ஆம் ஆண்டிலும் நம் ஊர்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், மனப்பாடம் செய்த வாய்பாடுகளைக் கொண்டு, சோழிகளைத் தரையில் பரப்பியே கிரகணத்தைக் கணித்துக்காட்டியதை ஜான் வாரன் என்னும் அதிகாரி பதிவுசெய்திருக்கிறார். இதை நம் பள்ளிகளில் யாரும் சொல்லித்தரவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.)

1769 மே மாதத்துக் காலைகள் தெளிவாயிருந்தன. ஜூன் 4 விடியலில் மேகம் திரண்டது. வெள்ளி கடந்து முடியும்வரை சூரியன் தெரியவில்லை. முடிந்த சற்று நேரத்தில் மேகம் விலகி, பகல் முழுதும் வெயில் அடித்தது. அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று காலை வானம் தெளிவாயிருந்ததாம். இரண்டு வாரம் அவரால் பேனாவைத் தொட முடியவில்லை. 1771-இல் பிரான்சு திரும்பியபோது, இறந்துவிட்டார் என்று கருதி அகாதமியில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். சொத்தைப் பங்குபோட உறவினர் முனைந்திருந்தார்கள்.

இதற்கு என்ன விளக்கம் சொல்வது? அந்த மேகத்துக்கு ஒரு நோக்கம் இருந்தது என்று நான் சொன்னால், அது அவருக்கு ஆறுதலா, எனக்கு ஆறுதலா?

நம் பகுதியில் மயானம் இருப்பதால் இறுதி ஊர்வலங்கள் நம் வாசலைத் தாண்டியே போகின்றன. துக்க வீடுகளில் நாம் சொல்லும் வாக்கியங்களை நான் கவனித்துவருகிறேன். "எல்லாம் நன்மைக்கே" என்கிறோம். "அவருக்குத் தேவைப்பட்டிருக்கும், எடுத்துக்கொண்டார்" என்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமும் சொல்கிறோம். மௌனம் நமக்குத் தாங்கமுடியாததாக இருப்பதால் பேசுகிறோம் என்பதே என் கருத்து. யோபுவின் நண்பர்கள் மூவரும் முதல் ஏழு நாள் அவனோடு தரையில் வாய்திறவாமல் அமர்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள். பேசத் தொடங்கிய பிறகே கெட்டது. அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி பக்தியான பேச்சுதான் என்பதை மறக்கவேண்டாம். தன் துன்பத்தின் காரணம் யோபுவுக்குக் கடைசிவரை சொல்லப்படவும் இல்லை.

ரோமர் எட்டாம் அதிகாரத்தை மறுக்கிறீரா என்று மூப்பர் ஒருவர் கேட்டார். மறுக்கவில்லை. அடியும் சிறையும் கண்ட பவுல் அதை எழுதினார். அடிபட்டவர் தம் வாயால் அறிக்கையிடும்போது அது விசுவாசம். அடிபடாத நான், நாற்காலியில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டு, அதை அடுத்தவர் மடியில் வைப்பது வேறு. அவருக்கும் எனக்கும் இதில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

மலையிலிருந்து இறங்கும்போது அந்தத் தம்பி என் பக்கமாக நடந்துவந்தார். "அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார், ஐயா?" என்று கேட்டார். அகாதமியில் மீண்டும் இடம் கிடைத்ததையும், மணம் முடித்ததையும், ஒரு மகள் பிறந்ததையும், தம் பயணத்தை இரண்டு பெரிய நூல்களாக எழுதியதையும், 1792-வரை வாழ்ந்ததையும் சொன்னேன். "வெள்ளியை மட்டும் பார்க்கவில்லை" என்றார். "இல்லை, தம்பி, பார்க்கவில்லை" என்றேன்.

அன்று அவர் வீட்டில் சொன்னதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. செங்குத்தான படி வந்தபோது என் பையை வாங்கிக்கொண்டார்.