ஆட்ட நடத்துநரின் ஏடும் கூத்து வாத்தியாரின் நினைவும்

கடந்த கோடை விடுமுறையில் மேல்சித்தாமூரில் உறவினர் இல்லத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். செஞ்சி வட்டாரத்தில் சமண மடத்தாலும் பார்சுவநாதர் ஆலயத்தாலும் பெயர்பெற்ற ஊர் அது. சென்னையிலிருந்து வந்திருந்த பிள்ளைகள் ஆறு பேர் திண்ணையில் வட்டமாக அமர்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடிக்கொண்டிருந்தனர். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட ஆட்டம் இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். ஐயம் வருமிடத்தில் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். ஒவ்வொரு பாத்திரத்தின் ஆற்றல்களும் ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும்.

நடத்தியவன் நம் தமக்கை மகன். ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வேவுகாரியாக ஆடினாள். மறைந்திருப்பதைத் தானே கண்டுகொள்ளும் கூர்மை அவள் பாத்திரத்தின் சிறப்பு. அதற்கெனத் தாளில் ஓர் எண் உண்டு. பகடை உருட்ட வேண்டுவதில்லை. நடத்துநர் அதை மறந்தான். மூடி மறைத்த பள்ளத்தில் ஐவரும் விழுந்தனர். இரவு உணவின்போதுதான் அவள், “நான் பாத்திருப்பேனே அண்ணா” என்றாள். மறுநாள் அவள் ஆட வரவில்லை.

“அஞ்சு பேர் தாளையும் எப்படி மாமா மனப்பாடம் பண்றது?” என்று பையன் நம்மிடம் கேட்டான். ஆட்டம் நமக்குப் புதிது, கேள்வி புதிதன்று.

பிறர் ஆற்றல்களை நினைவில் வைத்திருப்பதில் கண்ணனை விஞ்சியவர் யார்? இந்திரன் கர்ணனுக்கு ஈந்த சக்தி ஆயுதம் ஒரே முறைதான் பயன்படும் என்பதை அவன் மறக்கவில்லை. பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோற்கசனை அனுப்பி அதைச் செலவழிக்க வைத்தான். நாகக்கணையை மறுமுறை தொடுப்பதில்லை என்று குந்தி கர்ணனிடம் வரம் பெற்றதைத் தமிழ்நாட்டுப் பாரதம் கேட்டோர் அறிவர். அக்கணை வந்தபோது தேரை அழுத்தினான். முடி போயிற்று, தலை தப்பியது. ஆனால் கண்ணன் ஒரு பக்கத்தான். அவன் கணக்கு வைத்தது கர்ணனை வீழ்த்துவதற்காக. ஆட்ட நடத்துநர் அவ்வாறு கணக்கு வைப்பாராயின், வீரனின் வலிமை எதுவோ அது பயன்படாத களத்தையே தேடித்தேடி அமைப்பார். அது ஆட்டமன்று, வஞ்சனை.

நமக்கு உகந்த முன்மாதிரி வேறு. செஞ்சியை அடுத்த மேலச்சேரி முதலாக இவ்வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களின் விழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். அங்குள்ள வாத்தியாரும் தம் குழுவினரின் ஆற்றலைக் கணக்கில் வைத்திருப்பவரே. எவர் குரல் எந்தச் சுருதிக்கு எட்டும், எவர் கால் எத்தனை நாழி தாங்கும் என்பதை அறிந்துதான் வேடம் பங்கிடுகிறார். ஒருவனிடம் உள்ளது மேடையில் வெளிப்பட வேண்டும் என்பதற்காகவே அவர் நினைவு வைக்கிறார். கண்ணனின் நினைவுக்கும் வாத்தியாரின் நினைவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கூத்தில் இன்னொரு நல்வழக்கும் உண்டு. வேடக்காரர் திரைக்குப் பின் நின்று தம் பெருமையைத் தாமே பாடி நுழைவார். கட்டியக்காரன் நீர் யார் என்று வினவுவான். அவையோர் அனைவரும் வந்தவரின் வலிமையை அவர் வாயாலேயே கேட்டுவிடுகின்றனர். ஒவ்வொரு நாள் ஆட்டத்தின் தொடக்கத்திலும் பிள்ளைகள் இதைச் செய்யலாகாதா? ஆளுக்கு இரண்டு வாக்கியம் போதும்.

தன் ஆற்றலை நினைவில் கொள்வது ஆடுபவர் கடமை, நடத்துநருக்கு ஏன் இச்சுமை என்பர் சிலர். பாதி உண்மை. வாள் வீசுவதும் மந்திரம் ஏவுவதும் ஆடுபவர் பொறுப்பே. கேளாமலே வேலைசெய்யும் ஆற்றல் அப்படியன்று. “இங்கே பள்ளம் இருக்கிறதா, உனக்குத் தெரிகிறதா” என்று கேட்ட மாத்திரத்தில் மறைபொருள் வெளிப்பட்டுவிடும். அதை நடத்துநர் ஒருவரே காக்க முடியும்.

ஆகவே ஒரு நோட்டுத் தாளில் ஆளுக்கொரு வரி, வரிக்கு மூன்று கட்டம் போடச் சொன்னோம். முதற்கட்டத்தில் கேளாமலே இயங்குவன. இரண்டாவதில் எண்ணிச் செலவாவன: தொடக்க நிலை மந்திரவாதிக்கு இரண்டே மந்திர வாய்ப்புகள், நீண்ட ஓய்வுக்குப் பின் முழுதும் மீளும், செலவானதும் பென்சிலால் ஒரு கோடு. மூன்றாவதில், அந்த ஆற்றல் கடைசியாகக் கதையில் பயன்பட்ட நாள். மற்றவை அவரவர் தாளில் இருக்கட்டும். ஆட்டத்துக்கெனக் கணினி வசதிகளும் வந்துவிட்டன. 2017இல் தொடங்கிய ‘டி அண்ட் டி பியாண்ட்’ பாத்திரத் தாளையே திரையில் காட்டும். எனினும் எந்தத் திரையும் மூன்றாம் கட்டத்தைத் தானாக நிரப்பித் தந்து நாம் காணவில்லை. யாருடைய வரி நெடுநாள் வெறுமையாக இருக்கிறது என்பதை மனிதர்தாம் பார்த்தாக வேண்டும்.

பையன் கட்டம் போட்டான். சிறுமியின் வரியில் மூன்றாம் கட்டம் காலியாக இருந்ததைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு தாளோடு எழுந்து உள்ளே போனான், அவளைக் கூப்பிட.