வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து ஓர் ஊசி



நம் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார் என்றால், பயண ஏற்பாடுகளுள் ஒன்றாகத் தடுப்பூசியும் வந்துவிடுகிறது. மூளை உறைக் காய்ச்சலுக்கான ஊசி கட்டாயம். வயது முதிர்ந்தோருக்கு ஃப்ளூ காய்ச்சலுக்கான ஊசியும் போடப்படுகிறது. இலட்சக்கணக்கானோர் கூடுமிடத்தில் இருமல் எப்படிப் பரவும் என்பதை அறிந்திருப்பதால் எவரும் மறுப்புச் சொல்வதில்லை. ஆனால், அதே வீட்டில் ஆறு மாதக் கர்ப்பிணியாக இருக்கும் மருமகளிடம் மருத்துவர் அதே ஃப்ளூ ஊசியைப் பற்றிப் பேசினால் வீடே திகைக்கிறது. "பிள்ளைத்தாய்ச்சிக்கு எதற்கு வீண் மருந்து?" என்கிறார் மாமி. கணவர் மௌனம் காக்கிறார். அவளுடைய விருப்பத்தை எவரும் கேட்பதில்லை.

மாமியின் அச்சத்தை நான் குறை கூறமாட்டேன். கருவுற்ற காலத்தில் கண்ட மருந்தையும் உட்கொள்ளக் கூடாது என்பது நல்ல எச்சரிக்கையே. ஆனால் அந்த மாமியும் தம் பேறுகாலத்தில் ரணஜன்னிக்கான ஊசியைப் போட்டுக்கொண்டவராகவே இருப்பார். தாய்க்குப் போடும் ஊசி பிள்ளையைக் காக்கும் என்பது நம் இல்லங்களுக்குப் புதிய செய்தியன்று.

ஃப்ளூ என்பது வெறும் சளிக் காய்ச்சல்தானே என்று எண்ணிவிடலாகாது. கருப்பை வளர வளர உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரலுக்கான இடம் குறைகிறது. இதயம் கூடுதலாக உழைக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றலும் மாறுதலடைகிறது. பிறர் மூன்று நாள் படுத்து எழுந்துவிடும் காய்ச்சல், கர்ப்பிணிக்கு நிமோனியாவாக முற்ற இதுவே காரணம். 2009ஆம் ஆண்டில் பன்றிக் காய்ச்சல் என்னும் பெயரில் ஃப்ளூ உலகெங்கும் பரவியபோது, அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் ஏறத்தாழ 1 விழுக்காடுதான். அங்கு அந்நோயால் இறந்தோரிலோ அவர்கள் 5 விழுக்காடு. உலக சுகாதார நிறுவனம் 2012இல், பருவகால ஃப்ளூ தடுப்பூசி வழங்குவதில் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் தர வேண்டும் என அறிவித்தது.

இனி, பிள்ளையின் கதைக்கு வருவோம். பிறந்து ஆறு மாதம் நிறைவதற்குமுன் எந்தக் குழந்தைக்கும் ஃப்ளூ ஊசி போட இயலாது. அந்த ஆறு மாதத்திற்கு அதன் முக்கியக் காப்பு, தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியே வந்து சேரும் எதிர்ப்புப் பொருள்தான். இதனை வங்காள தேசத்தின் டாக்கா நகரில் 2004-05இல் சோதித்துப் பார்த்தனர். கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் இருந்த 340 தாய்மார்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஃப்ளூ ஊசியும், மற்றவர்களுக்கு வேறொரு தடுப்பூசியும் போடப்பட்டன. பிள்ளைகள் பிறந்தபின் ஆறு மாத காலம் அவர்களைக் கண்காணித்தனர். முதல் பிரிவில் சோதனையில் ஃப்ளூ என உறுதியான நிகழ்வுகள் 6, மற்றதில் 16. காய்ச்சலோடு கூடிய இருமல், சளி நோய்கள் தாய்மார்களிடமும் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்திருந்தன. பின்னர் மாலி நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடையே நடந்த பெரிய ஆய்வில், காப்பு இருப்பது உண்மை. ஆனால் முதல் நான்கு மாதங்களில்தான் அது வலுவாக உள்ளது, பின்னர் தேய்ந்துவிடுகிறது என்று தெரியவந்தது. முழுக் காப்பு என்று எவரும் வாக்களிக்கவில்லை. எனினும், அந்த முதல் சில மாதங்கள்தாம் பச்சிளம் பிள்ளைக்கு மிகவும் ஆபத்தானவை.

(பிள்ளையைப் பார்க்க வருவோர் மூக்கைச் சிந்திக்கொண்டே அதன் கன்னத்தில் முத்தமிடும் வழக்கத்தைப் பற்றித் தனியே ஒரு மாதம் எழுத வேண்டும்!)

இரண்டு ஐயங்களுக்கு விடை கூறிவிடுகிறேன். ஊசியாகப் போடப்படும் ஃப்ளூ மருந்தில் இருப்பது செயலிழந்த கிருமி. அதனால் தாய்க்கோ கருவுக்கோ ஃப்ளூ வராது. கை வலிக்கலாம், ஓரிரு நாள் உடல் சற்றுக் காயலாம், அவ்வளவே. அடுத்தது, பன்றியிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் பற்றிய ஐயம். அது மேலைநாடுகளில் மூக்கில் பீச்சும் ஃப்ளூ மருந்தைப் பற்றி எழுந்தது. மூக்கில் பீச்சும் அம்மருந்து வீரியம் குறைக்கப்பட்ட உயிர்க்கிருமியால் ஆனது. ஆகவே கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படுவதே இல்லை. ஊசி மருந்தில் என்னென்ன சேர்ந்துள்ளன என்பது பெட்டிக்குள் உள்ள தாளில் அச்சிடப்பட்டிருக்கும். கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் வெட்கம் எதற்கு? முட்டையோ முன்பு போட்ட ஊசியோ கடும் ஒவ்வாமை உண்டாக்கியிருந்தால், அதனை மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிட வேண்டும்.

எப்போது போட்டுக்கொள்வது? எந்த மாதத்திலும் போடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைக்கும் பயன் கிட்ட வேண்டுமானால் பேறுகாலத்திற்கு இரண்டு வாரமேனும் முன்னதாகப் போட்டுக்கொள்வது நலம். எதிர்ப்புப் பொருள் உருவாக அவ்வளவு நாள் ஆகும். சென்னைப் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூ பெருகுவதால், ஐப்பசி, கார்த்திகையில் பேறு எதிர்நோக்கும் சகோதரிகள் தள்ளிப்போட வேண்டாம். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வோர், எந்த ஊரில் போட்டுக்கொள்வது என்று இரு வீட்டாரும் பேசி, இருவருமே மறந்துவிடுவதும் உண்டு!

ஊசி போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்தால் கஷாயத்தோடு நின்றுவிடாதீர்கள். ஃப்ளூவுக்கான மாத்திரை முதல் இரண்டு நாட்களுக்குள் தொடங்கினால்தான் நன்கு வேலை செய்யும்; கர்ப்பிணிக்கும் அதனை மருத்துவர் தருவார். மூச்சுத் திணறினாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இவ்வூசி நம் நாட்டின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை; பெரும்பாலும் விலை கொடுத்தே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். ஃப்ளூ கிருமி ஆண்டுதோறும் உருமாறுவதால் மருந்தும் ஆண்டுதோறும் மாற்றப்படுகிறது. ஆகவே சென்ற பேற்றில் போட்டது இந்தப் பேற்றுக்கு உதவாது. பெட்டியின் மேல் எந்த ஆண்டுக்குரியது என்று குறித்திருக்கும்; பணம் கொடுக்குமுன் அதனைப் பார்த்துக்கொள்ளுங்கள். போட்ட தேதியைக் கர்ப்பகால அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.