இரைச்சலை மறைக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்

அறிவியல் கூடத்துக் கணினியில் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள், வெப்பநிலை வரைபடம் ரம்பப் பல்போல ஏறி இறங்கி வருகிறது. உணரி அதேதான், பீக்கரில் உள்ள நீரும் அதேதான். உடனே பலர் கோட்டை மென்மையாக்கும் வசதியைத் தேடுவார்கள். கோடு அழகாகிவிடும். ஆனால் காரணம் தெரியாத இரைச்சலை அழிக்கும்போது, உண்மையான மாற்றமும் சேர்ந்து அழிந்துவிடலாம். அதனால் அது சரியான வழி அல்ல என்பது என் கருத்து.

புதுப்பித்த பின் தெரியும் இரைச்சல் எல்லாமே புதியது அல்ல. பழைய மென்பொருள் விநாடிக்கு 100 அளவீடுகள் எடுத்து, சராசரியை மட்டும் காட்டியிருக்கலாம். 100 அளவீடுகளின் சராசரியில் தற்செயலான ஏற்ற இறக்கம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஏனெனில் 100இன் வர்க்கமூலம் 10. புதிய பதிப்பு ஒவ்வோர் அளவீட்டையும் அப்படியே காட்டினால், இரைச்சல் 10 மடங்கு கூடியதுபோல் தோன்றும்.

ஆகவே முதலில் அமைப்புகளைப் பாருங்கள்: விநாடிக்கு எத்தனை அளவீடு? சராசரி எடுக்கப்படுகிறதா? அடுத்து, மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது மின்சாரம் வழியாக வந்தது. நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. விநாடிக்கு ஆயிரம் அளவீடு எடுத்துப் பார்க்கும்போது 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை மேடு வந்தால், அதே மின்சாரம்தான் காரணம். கடைசியாக, பழைய பதிப்பு உள்ள இன்னொரு கணினியில் அதே உணரியால் அதே நீரை அளந்து ஒப்பிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

காற்று மாறாமலே எண் மாறக்கூடும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே சான்று உண்டு. 2005 ஆகஸ்டு 11 அன்று புகைமூட்டத்தால் கோல சிலாங்கூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியது. இங்கும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. அன்றைய கணக்கில் 10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்கள் இருந்தன. 2.5 மைக்ரோமீட்டருக்குட்பட்ட நுண்துகள்கள் 2018இல்தான் குறியீட்டில் சேர்க்கப்பட்டன. கணக்கிடும் முறையைச் சொல்லாமல் அன்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட்டால், காற்று கெட்டதா, கணக்கு மாறியதா என்று சொல்ல முடியாது.

புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ காற்றையும் ஆற்று நீரையும் அளந்து திட்டப்பணி செய்யும் மாணவர்கள், குறிப்பேட்டில் தேதியோடு மென்பொருளின் பதிப்பு எண்ணையும் சராசரி அமைப்பையும் எழுத வேண்டும். ஒரு திட்டப்பணி நடந்துகொண்டிருக்கும்போது கணினியைப் புதுப்பிக்காமல் இருப்பது நல்லது. புதுப்பித்தே ஆக வேண்டுமானால், அதற்கு முன்னும் பின்னும் பனிக்கட்டி நீரை அளந்து குறித்து வையுங்கள். இரண்டு முறையும் 0 பாகை செல்சியஸை ஒட்டி வருகிறதா, ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும்.